எந்தக் கடை ஆள்

ஜனவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி, கடை மூன்று பேரும் திடமாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆபீஸ் காகிதத்தைத் தின்றே வயிற்றை நிரப்புகிறாயா என்று அண்ணி கேட்கச் சொன்னாள். போனில் கேட்கலாமே என்பாய். லாரி ஹாரன் கேட்டுக் கேட்டு என் காது போய்விட்டது. போனில் நீ சொல்வதில் பாதிதான் விழும், மீதியை நானே கற்பனை செய்துகொள்வேன், அப்புறம் சண்டை வரும். கடிதம் என்றால் சண்டையை நிதானமாகப் போடலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். கடைக்குப் புதிதாக ஒருவரைச் சேர்த்திருக்கிறேன். சண்டைக்குப் பயந்து எல்லை தாண்டி வந்தவர்களில் ஒருவர். அவர் நாட்டில் பஸ் ஓட்டியவர். இங்கே லைசென்ஸ் கிடையாது. அதனால் தார்ப்பாய்க்கு ஒட்டுப் போடுகிறார், மூலைக்கு மூலை பித்தளை வளையம் அடிக்கிறார். ஆனாலும் தெருவே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடுகிறது. வண்டியே ஓட்டாத டிரைவரை வைத்திருக்கும் முதலாளி உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் என்று பூட்டுக்கடைக்காரர் போகிற வருகிற ஆளிடமெல்லாம் சொல்கிறார்.

இரக்கப்பட்டுச் சேர்த்தேன் என்று நினைத்துவிடாதே. நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் உன்னைப் போலத் தலைநகருக்கு ஓடிவிட்டால் தார்ப்பாயை யார் மடிப்பது? ஆள் தேவைப்பட்டது, ஆள் வந்தார். மனைவியும் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். பெயிண்ட் கடை அக்கா தன் மாடி அறையைக் கொடுத்தாள். அண்ணி நம் வீட்டுக் கட்டிலைக் கொடுத்தாள். அது எனக்குப் படுக்கப் போகும்போதுதான் தெரிந்தது.

நீ வேலை பார்க்கிற இலாகாவின் புது விதிப்படி அவர் பெயரை என் கடையில் பதிந்திருக்கிறேன். வந்தவர்கள் பதிந்த இடத்தில் மட்டும்தான் வேலை செய்ய வேண்டுமாம், மீறினால் குடும்பத்தோடு எல்லை முகாமுக்குத் திருப்பி அனுப்புவார்களாம். எந்தப் புத்திசாலி எழுதினானோ. வாழ்க்கையில் ஒரு மூட்டை தூக்கியிருக்க மாட்டான்.

நம் தெரு உனக்கு மறந்திருக்காது. லாரி உள்ளே நுழைந்தால் ஒரு சைக்கிள்கூட அதைத் தாண்ட முடியாது. அதனால் யார் சரக்கு என்று பார்க்காமல் எல்லாக் கடை ஆட்களும் ஓடிப்போய் இறக்கி, லாரியை அந்தப் பக்கம் தள்ளிவிடுவோம். முதல் லாரி வந்த அன்றே டிரைவர் இதைப் புரிந்துகொண்டார். யாரும் சொல்லவில்லை, தானாக எழுந்து போய் மெத்தைக் கடைச் சரக்கை இறக்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். சாப்பிடுகிறேன். அண்ணியிடம் சொல்லுங்கள், ஆபீஸ் காகிதம் ருசியாகவே இருப்பதில்லை.

டிரைவரைப் பற்றி எழுதியது சந்தோஷம். கட்டிலைக் கொடுத்த அண்ணிக்கு என் அன்பு. உங்களுக்கு முதுகுவலி வந்தால் சொல்லுங்கள்.

விதியைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள் அண்ணா. நீங்கள் எதையும் முதல் வரி மட்டும் படித்துவிட்டு மீதியை வாயாலேயே எழுதுகிற ஆள். அப்படி ஒரு விதி வந்திருக்கிறது என்றால் அதற்கும் ஏதோ காரணம் இருந்திருக்கும். வந்தவர்களை எல்லா ஊரும் உங்கள் தெரு மாதிரி வைத்துக்கொள்வதில்லை.

இங்கே வேலை அதிகம். என் ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம்தான் தெரிகிறது. கார்கள் வருவதும் போவதும்தான் எனக்கு வேடிக்கை.

காதுக்கு டாக்டரைப் பாருங்கள்.

தங்கச்சி


மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லாரும் நலம் என்று எழுத ஆசை. அண்ணி நலம். நான் என் வாயாலேயே கெட்டேன். கேள்.

போன வாரம் பெயிண்ட் லாரி வந்தது. வழக்கம்போல எல்லாரும் இறக்கினோம். நான் கணக்கு சரிபார்க்கிற பாவனையில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது பைல் ஒன்றை அணைத்துக்கொண்டு ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயது, மரியாதையான பையன். டிரைவரைக் காட்டி,

"இவர் எந்தக் கடை ஆள்?" என்றார்.

"என் ஆள்தான் சார்."

"நீங்க தார்ப்பாய்க் கடை. அவர் தோள்ல பெயிண்ட் டின் இருக்கே."

இந்த இடத்தில் எவனாவது புத்தியுள்ளவன் வாயை மூடியிருப்பான். பெயிண்ட் கடை அக்கா அவருக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினாள். கண்ணில் தூசி விழுந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

"அட, அதுவா சார். நேத்து மெத்தைக் கடைக்கு இறக்கினார். போன வாரம் பூட்டுக்கடைக்கு. எங்க தெருவில ஆளுக்குக் கடை வித்தியாசமே கிடையாது. எந்தக் கடை ஆளும் எந்தக் கடை வேலையும் செய்வாங்க. வேணும்னா யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க."

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மெத்தைக் கடை, பூட்டுக்கடை, ஒன்று விடவில்லை. எழுதி முடிக்கும் வரை நான் பக்கத்தில் நின்று டீ வாங்கிக் கொடுத்தேன். இதை அண்ணி இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது உத்தரவு வந்துவிட்டது. விசாரணை முடியும் வரை டிரைவர் எந்த வேலையையும் தொடக்கூடாது. விசாரணை ஜூனில். மீறியது உண்மை என்று முடிவானால் மூன்று பேரும் எல்லை முகாமுக்கு. அந்த முகாமைப் பற்றி நீ என்னைவிட அறிவாய்.

தங்கச்சி, நான் உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. உன் இலாகாதான். மேலே யாரிடமாவது ஒரு வார்த்தை சொல். என் அண்ணன் ஒரு முட்டாள், ஆனால் அந்த மனிதர் தப்பு செய்யவில்லை என்று சொன்னால் போதும்.

அண்ணன்


மார்ச் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டதை நான் செய்ய முடியாது. இந்த விஷயத்தைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம். விசாரணைக்கு நேரத்துக்குப் போங்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

டிரைவரின் பெண் பள்ளிக்கூடம் போகிறாளா?

தங்கச்சி


மார்ச் 26

கண்ணியமிக்க அதிகாரி அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. தங்கள் கடிதத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்தில் என் தங்கச்சி ஏதாவது எழுதியிருக்கிறாளா என்று. இல்லை.

இந்த விஷயத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய். வேறு எந்த விஷயம் இருக்கிறது எழுத? தினமும் காலையில் டிரைவர் குளித்து, தலை வாரி, கடைக்கு வருகிறார். வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்காருகிறார். கடை மூடினால் எழுந்து போகிறார். "வீட்டில இருங்களேன்" என்றேன். "வீட்டில இருந்தா பொண்ணு ஏன்னு கேப்பா முதலாளி" என்றார்.

அவர் மனைவி பெட்டிகளைத் திரும்பக் கட்டிக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாளாம். பெயிண்ட் கடை அக்கா போய் அவிழ்த்து வைத்தாள். மறுநாள் பார்த்தால் மறுபடி கட்டியிருக்கிறாள். இருவருக்கும் பாஷை சரியாகப் புரியாது. ஒருத்தி கட்டுகிறாள், ஒருத்தி அவிழ்க்கிறாள். அதுதான் பேச்சு.

பெண் பள்ளிக்கூடம் போகிறாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாயே திறப்பதில்லையாம்.

எங்கள் வாழ்க்கையில் விதி எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதினேன். தங்கள் நலம் விழையும்,

தார்ப்பாய்க்காரன்


ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். கோபம் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன், அது உங்களுக்கு நீண்ட நாள் தாங்குவதில்லை. அண்ணியின் கையெழுத்தில் இரண்டு வரி வந்தால் நன்றாக இருக்கும்.

நம் தெருவை நினைத்துக்கொண்டேன். சும்மா சில விஷயங்கள் மறந்துபோய்விட்டன. தெரு முனையில் இரும்புக் கேட் இன்னும் இருக்கிறதா? ராத்திரி அதை யார் பூட்டுகிறார்? அந்த வாட்ச்மேன் முன்பு எந்தக் கடை வாசலில் உட்காருவார்? அவரை யார் வேலைக்கு வைத்தது? அவருக்கு விடுமுறை வேண்டுமென்றால் யாரிடம் கேட்பார்?

இலாகாவின் வாசலில் விதிகள் முழுவதையும் ஒட்டியிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உங்கள் ஊர் ஆபீஸ் வாசலிலும் ஒட்டியிருப்பார்கள். "பதிவு செய்யப்பட்ட வேலை தருபவர்" என்பதற்கு அதில் விளக்கம் இருக்கிறது. முதல் வரி மட்டும் படிக்காதீர்கள்.

வெயிலில் தொப்பி போடாமல் அலையாதீர்கள்.

தங்கச்சி


மே 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் அதைக் கசக்கி எறிந்தேன். ஒரு குடும்பம் பெட்டி கட்டிக்கொண்டு நிற்கிறது, இவள் வாட்ச்மேன் லீவைப் பற்றி விசாரிக்கிறாள் என்று கத்தினேன். அண்ணி அதை எடுத்துப் பிரித்து, படித்து, மடியில் வைத்து நீவினாள்.

"என்னங்க, வாட்ச்மேன் எந்தக் கடை ஆள்?" என்றாள்.

"எந்தக் கடையும் இல்ல. சங்கத்து ஆள்."

"சங்கம்னா?"

"தெரு வியாபாரிகள் சங்கம். நான்தானே தலைவர், உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு பார்த்தேன்."

அதற்கப்புறம்தான் என் மண்டையில் விளக்கெரிந்தது. அண்ணியும் நானும் ஆபீஸ் வாசலுக்குப் போய் அந்த விதியைக் கடைசி வரி வரை நின்று படித்தோம். எனக்குக் கால் வலித்தது. வேலை தருபவர் கடையாக இருக்கலாம், கம்பெனியாக இருக்கலாம், பதிவு செய்த சங்கமாகவும் இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. சங்கத்துக்கு உட்பட்ட இடம் முழுதும் ஒரே வேலையிடம். நம் சங்கம் பதிவு செய்தது. வாட்ச்மேன் அதன் ஆள். டிரைவரையும் அதில் சேர்த்தால் கேட்டுக்கு இந்தப் பக்கம் எந்தச் சரக்கைத் தூக்கினாலும் குற்றமில்லை.

உடனே கூட்டம் போட்டேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பூட்டுக்கடைக்காரரைத் தவிர. சங்கத்துக்குப் புது ஆள் சேர்க்க எல்லாக் கடைக் கையெழுத்தும் வேண்டும், ஒன்று குறைந்தாலும் செல்லாது.

"யோவ் தார்ப்பாய்," என்றார், "உன் ஆள் தப்பு பண்ணினா உன் கடைக்குத்தான் வருவாங்க. சங்கத்து ஆள் ஆக்கினா என் கடைக்கும் வருவாங்க. நாளைக்குச் சட்டத்தை மறுபடி மாத்துவாங்க. அப்போ நீ டீ வாங்கிக் கொடுத்துட்டு நிப்ப, நான் கம்பி எண்ணணுமா?"

அவர் சொல்வதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. டீ விஷயத்தில் நியாயம் இருக்கிறது. மெத்தைக் கடைக்காரர், "அவர் லாரி வரட்டும், ஒருத்தரும் இறக்கக் கூடாது" என்று என் காதில் சொன்னார். நல்ல காதில் சொன்னார், அதனால் கேட்டது. வேண்டாம் என்றேன். அப்படிச் செய்தால் அப்புறம் அது நம் தெரு இல்லை.

நீ எழுதியதற்கு நன்றி சொல்ல மாட்டேன். நீ எதுவும் எழுதவில்லையே, வாட்ச்மேனைத்தானே விசாரித்தாய்.

அண்ணன்


மே 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அண்ணி கவலைப்படுகிறாள். நான் கவலைப்படவில்லை, தினமும் தபால்காரரை வாசலில் பார்த்து நிற்பது பழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். நேற்று பூட்டுக்கடைக்கு இரும்பு அலமாரிகள் வந்தன. வழக்கமான லாரி இல்லை, பெரியது. ஓட்டி வந்தவனும் புதுப் பையன். தெருவின் வளைவில் திருப்பினான், முன்பக்கம் பூட்டுக்கடைச் சுவரில், பின்பக்கம் எதிர்ச் சுவரில் சிக்கிக்கொண்டது. கதவைத் திறக்க இடமில்லை, அதனால் இறக்கிச் சுமையைக் குறைக்கவும் வழியில்லை. தெரு மொத்தமும் ஆளுக்கொரு யோசனை சொன்னது. ரைட்ல ஒடி என்கிறான் ஒருத்தன், லெஃப்ட்ல ஒடி என்கிறான் இன்னொருத்தன். அந்தப் பையன் அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டான். சுவரிலிருந்து செங்கல் பெயர்ந்து விழுந்தது. பூட்டுக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

டிரைவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "தொடாதீங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு லாரிக்கு முன்னால் போய் நின்றார். அந்த மனிதர் இவ்வளவு சத்தமாகப் பேசுவார் என்று நேற்றுத்தான் தெரிந்தது. பாதி நம் பாஷை, பாதி அவர் பாஷை. "நில்லு. பின்னாடி, பின்னாடி. போதும். இப்ப ஒடி. இன்னும். பயப்படாத, நான் பாக்கறேன்." தெரு அடங்கிப்போனது. கையைத் தூக்கிச் சைகைகூடக் காட்டவில்லை. தாடையாலும் கண்ணாலும் காட்டினார். அடி அடியாக லாரி நகர்ந்து, மூச்சு விட்டு, நேராக நின்றது.

பூட்டுக்கடைக்காரர் என் பக்கத்தில் வந்தார்.

"யோவ், இவன் எதுக்குய்யா கையைப் பின்னாடி கட்டிட்டு நிக்கறான்? கைதி மாதிரி."

"தொட்டா கேஸ்."

"கையைக் காட்டினாக்கூடவா?"

"அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால கட்டிக்கிட்டார்."

அலமாரிகளை நாங்கள் எல்லாரும் இறக்கினோம். டிரைவர் அதே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, தூக்குகிறவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்.

"பேப்பரைக் கொண்டா," என்றார் பூட்டுக்கடைக்காரர். "அவனுக்காகன்னு நினைக்காத. என் கடை வாசல்ல ஒருத்தன் அப்படி நிக்கறது எனக்குப் பிடிக்கலை. அதான்."

அவர் கையெழுத்துப் போட்ட பேப்பரை இன்று காலை ஆபீஸில் கொடுத்துவிட்டேன். இரண்டு வரி எழுது.

அண்ணன்


ஜூன் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். நலமாகத்தான் இருக்கிறேன். கொஞ்சம் சாமான்களை இடம் மாற்றி வைக்கிற வேலை இருந்தது.

லாரிக் கதையை இரண்டு தடவை படித்தேன். பூட்டுக்கடைக்காரர் சுவரைப் பூசிவிட்டாரா?

இங்கே மழை. என் ஜன்னலை ஒட்டி ஒரு பெரிய மரம் இருக்கிறது, மழையில் பார்க்க நன்றாக இருக்கிறது. அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

தங்கச்சி


ஜூன் 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லாரும் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

விசாரணைக்குத் தெரு மொத்தமும் கடையை மூடிவிட்டுப் போனோம். அறையில் இடமில்லை, பாதிப் பேர் ஜன்னலில் நின்றார்கள். நான் வாயைத் திறந்தால் வீட்டுக்குள் சேர்க்க மாட்டேன் என்று அண்ணி சொல்லியிருந்ததால் பெயிண்ட் கடை அக்காதான் பேசினாள். அதிகாரி கொஞ்சம் வயதான அம்மா, எதையும் நம்பாத முகம்.

"நிஜமாவே சங்கத்து ஆளா, இல்ல இந்தக் கேஸுக்காக இப்ப எழுதிச் சேர்த்த ஆளா?"

"இப்பதான் எழுதினோம் மேடம். வந்த நாள்லேர்ந்து அப்படித்தான் இருக்கார். சங்கத்துப் பேர்ல எழுதணும்னு எங்களுக்குத் தெரியலை. வாட்ச்மேனைப் பாருங்க, அவரும் அப்படித்தான்."

வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க யாருக்கு வேலை பாக்கறீங்க?"

"எல்லாரும் என்னைத் திட்டறாங்க மேடம். அதனால எல்லாருக்கும்தான்."

நம்பாத முகம் சிரித்துவிட்டது. இன்ஸ்பெக்டர் பையனும் எழுந்து, தான் பார்த்தபோது எல்லாக் கடை ஆட்களும்தான் தூக்கினார்கள், முதலாளிகள் உட்பட, தார்ப்பாய்க்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார் என்று சாட்சி சொன்னார். என் மானம் போனது, அதனால் நல்லது நடந்தது. கேட்டிலிருந்து மறுமுனை வரை தெரு முழுவதையும் டிரைவரின் வேலையிடமாகப் பதிந்து, அனுமதியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். முகாம் கிடையாது. அன்று மாலை அக்கா பெட்டிகளை அவிழ்க்கப் போனாள். ஏற்கெனவே அவிழ்ந்து கிடந்ததாம். காலிப் பெட்டிமேல் அந்தப் பெண் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

இனி உன் விஷயம். நான் வியாபாரி, சரக்கை இடம் மாற்றினால் எனக்குத் தெரியும். ஜனவரியில் உன் ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். ஜூனில் மரம். மரம் நடந்து வராது, நீதான் நகர்ந்திருக்கிறாய். எங்களால் உன்னைத் தூக்கி எங்கேயோ போட்டுவிட்டார்களா? உள்ளதைச் சொல். இல்லையென்றால் அடுத்த ரயிலில் வந்து நிற்பேன், என் காதோடு நீ அங்கே மாரடிக்க வேண்டும்.

இன்னொன்று. அந்த விதியை எழுதிய புத்திசாலியைத் தேடிப் பிடித்து ஒருநாள் நம் தெருவுக்கு அனுப்பு. அடிக்க மாட்டேன். ஒரு லாரி இறக்க விடுவேன், அவ்வளவுதான்.

அண்ணன்


ஜூலை 1

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்கள் எல்லாரும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு நின்றதை நினைத்து ஆபீஸில் தனியாகச் சிரித்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன். யாரும் என்னைத் தூக்கிப் போடவில்லை. மார்ச்சில் உங்கள் கடிதம் வந்த அன்றே மேலதிகாரியிடம் போய், இதில் என் அண்ணன் சம்பந்தப்பட்டிருக்கிறார், அனுமதிப் பிரிவிலிருந்து என்னை மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன். மாற்றல் வர இரண்டு மாதம் ஆனது. இப்போது பழைய காகிதங்கள் இருக்கும் மாடியில் இருக்கிறேன். உங்களிடம் வாட்ச்மேனைப் பற்றிக் கேட்டதையும் அவரிடம் சொன்னேன். வாசலில் ஒட்டியிருப்பதைப் படிக்கச் சொல்வது குற்றமில்லை என்றார். பதவி கொஞ்சம் சின்னது. மரம் பெரியது.

அந்தப் புத்திசாலியைத் தேட வேண்டாம். அது நான்தான். "பதிந்த இடத்தில் மட்டும்" என்ற வரி என் கையால் எழுதியது.

அதற்காக நான் வருத்தப்படவில்லை அண்ணா. எழுதுவதற்கு முன் பல ஊர்களுக்குப் போய்ப் பார்த்தேன். வந்தவர்களைத் தரகர்கள் உங்கள் தார்ப்பாய் மாதிரி வாடகைக்கு விடுகிறார்கள். காலையில் ஒரு இடம், மதியம் ஒரு இடம். யாருக்கு வேலை செய்தோம் என்றே அவர்களுக்குத் தெரியாது, அடிபட்டால் எந்த முதலாளியும் என் ஆள் இல்லை என்பான். அதை நிறுத்தத்தான் எழுதினேன். நிறைய இடங்களில் நின்றது. எழுதும்போது நம் தெரு மட்டும் என் ஞாபகத்துக்கு வரவில்லை. நான் பிறந்து வளர்ந்த தெரு. உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதுதான் வந்தது.

அடுத்த திருத்தத்தில் அந்த வரியை மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏற்பார்களா தெரியாது. அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். தரகன் அனுப்புவதற்கும் உங்கள் தெரு கூப்பிடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று என்னை மேலே கேட்பார்கள். லாரி இறக்க வர உங்களுக்கு இஷ்டமா என்று டிரைவரிடம் என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

தங்கச்சி


ஜூலை 18

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் படுத்துக்கொண்டு எழுதுவது, அதனால் எழுத்து கோணலாக இருக்கும். மற்றபடி நலம்.

அந்தப் புத்திசாலி நீதான் என்று படித்ததும் உன் அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் உன்னைத் திட்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. பாதியை எடுத்துக்கொள்கிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். கேட்டதே கிடையாது. தானாக எழுந்து வந்தார் என்று பெருமைப்பட்டேனே தவிர, வராமல் இருக்க முடியும் என்று அவருக்குத் தெரியுமா என்று யோசிக்கவில்லை. மறுநாள் கடையில் கேட்டேன்.

"டிரைவர், லாரி இறக்க வர உங்களுக்கு இஷ்டம்தானா?"

வளையம் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"முதலாளி கேக்கறீங்களா, சொல்றீங்களா?"

"கேக்கறேன்."

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "இங்க வர்றதுக்கு முன்னாடி வேற ஊர்ல ஒருத்தர் தினமும் எங்கேயாவது அனுப்புவார். அங்கேயும் இறக்கினேன். இந்தத் தெருவில முதல் லாரி வந்தப்போ, இங்கேயும் அதேதான்னு நினைச்சு எழுந்து போனேன். போகலைன்னா வேலை போயிடும்னு பயம்."

"அப்புறம்?"

"பூட்டுக்கடைக்காரர் எனக்கு முன்னாடி மெத்தையைத் தூக்கிட்டுப் போனார். அவர் முதலாளியாச்சேன்னு பார்த்தேன். அங்க எந்த முதலாளியும் தூக்கினதில்லை."

"சரி, இனிமே இஷ்டமில்லைன்னா வரவேண்டாம். வரலைன்னு சொன்னாப் போதும்."

தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. சங்கத்திலும் இதைச் சொன்னேன். பூட்டுக்கடைக்காரர், "அப்போ நானும் வரலைன்னு சொல்லலாமா?" என்றார். "நீ சொல்லித்தான் பாரேன்" என்றாள் பெயிண்ட் கடை அக்கா. சொல்லவில்லை.

நேற்று பெயிண்ட் லாரி வந்தது. நல்ல சுமை. எல்லாரும் ஓடினார்கள். டிரைவர் கையைக் கழுவி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"முதலாளி, நான் இன்னைக்கு வரலை."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது, மறைக்க மாட்டேன். சுமை அவ்வளவு இருந்தது. "சரி" என்றேன்.

"பொண்ணு ஸ்கூல்ல டீச்சர் கூப்பிட்டிருக்காங்க."

"காரணம் நான் கேக்கலையே."

"நான்தான் சொல்றேன்" என்றார்.

லாரியை ஒட்டி, டின் தூக்கிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி, நேராக நடந்து போனார். பூட்டுக்கடைக்காரர் லாரிமேலிருந்து கத்தினார்: "யோவ் தார்ப்பாய், ஆள் போறான்யா."

"போகட்டும்யா, அவருக்கு வேலை இருக்கு. டின்னை இப்படிக் கொடு."

அவர் பங்கை நான் தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அண்ணி தைலம் தேய்த்துக்கொண்டே சிரிக்கிறாள், அதனால்தான் படுக்கையில் எழுதுகிறேன். மேலே கேட்டால் இதுதான் வித்தியாசம் என்று சொல். எப்படி விதியாக்குவது என்பது உன் வேலை, எனக்குத் தார்ப்பாய்தான் மடிக்கத் தெரியும்.

சாயங்காலம் டிரைவர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். டீச்சர் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். பெண் கிளாஸில் ஓயாமல் பேசுகிறாளாம், பக்கத்தில் இருக்கிறவர்களையும் படிக்க விடுவதில்லையாம், வீட்டில் கண்டித்து வையுங்கள் என்றார்களாம். இதைச் சொல்லும்போது அந்த மனிதரின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்